மூன்று நகல்களில் ஒரு பழுதுநீக்கம்

2008 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் சரியாக ஒரு மணிக்கு, கொல்லிமலையின் தொழில்நுட்ப வளர்ச்சி அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றது. அதை அந்த அளவுக்குக் கொண்டுவந்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. கோப்பில் இருக்கிறது.

மலைமேல் உள்ள ஓர் அரசு அலுவலகத்தில் நான் உதவியாளர். நாமக்கல்லில் மூன்று நாள் கணினிப் பயிற்சி பெற்றவன். முதல் நாள் தொடக்க விழா. மூன்றாம் நாள் நிறைவு விழா. இடைப்பட்ட நாளில் கற்றதை வைத்துத்தான் மலையின் கணினிகளைக் காத்துவருகிறேன். சான்றிதழைக் கண்ணாடி போட்டு என் இருக்கைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். மக்கள் அதைப் பார்த்து நம்பி வருகிறார்கள்.

பிரபாவதியும் அப்படித்தான் வந்தார். குண்டனி நாட்டில் கிராம செவிலியர். சொந்த ஊர் அடிவாரத்தில் பேளுக்குறிச்சி. தடுப்பூசிப் பெட்டியை ஒரு தோளில் மாட்டியிருந்தார். கையில் உள்ளங்கை நீளத்தில் கறுப்பாக ஒரு வீடியோ கேம் கருவி.

“சார், இந்தச் சார்ஜரு நம்மூரு பிளக்குல சேர மாட்டேங்குதுங்க. ஒரு பிளக்கு மாத்திக் குடுத்தீங்கன்னாப் போதும்.”

அவர் கணவர் நந்தகுமார் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். மகள் தாரணிக்கு மூன்று மாதமானபோது போனவர். தை மாதம்தான் வருவார். சிங்கப்பூரில் இந்தக் கருவியை வாங்கி, மெமரி கார்டில் தன்னையே வீடியோ எடுத்துப் போட்டு, ஊருக்கு வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

“நாலு நிமிசந்தானுங்க. ‘தாரணி, இங்க பாரு, அப்பா’ன்னு சொல்லிட்டே இருப்பாரு. ரெண்டு தடவ போட்டோம், சார்ஜ் தீந்துருச்சு. ரெண்டாந் தடவ புள்ள தொட்டுப் பாத்து ‘ப்பா’ன்னுதுங்க. இப்ப மறுக்கா போடுன்னு ஒரே அழுவ.”

நான் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிளக் மாற்ற ஓர் எலக்ட்ரீஷியன் போதும். பயிற்சி பெற்றவன் எதற்கு?

“இதுல கேம் எத்தனை இருக்கு?”

“ஒண்ணுமில்லீங்க.”

“சினிமாப் படம்?”

“அவரு மட்டும் இருக்கறாருங்க.”

“இவ்வளவு பெரிய மெஷின்ல ஒரே ஒரு ஆளா?”

அவர் குற்றம் செய்தவர்போலத் தலைகுனிந்தார்.

“சாஃப்ட்வேரை மாத்திட்டா நாற்பது கேம் ஓசியில போடலாம்மா. கம்பெனிக்காரன் பூட்டி வெச்சிருக்கான். நாம தொறக்கணும்.”

“பூட்டெல்லாம் வேண்டாங்க சார். பிளக்கு மட்டும்...”

“போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்.”

குறைவாகக் கேட்பதுதான் நம் மக்களின் குறை. கேட்டதைச் செய்தால் அது வெறும் ‘உதவி’. கேட்காததைச் செய்தால்தான் ‘மேம்பாடு’.

நாமக்கல் போய், பிரவுசிங் சென்டரில் மாற்று மென்பொருளை இறக்கிக்கொண்டு திரும்பினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். பென்டிரைவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிளக் பிரச்சினை அரை நிமிடத்தில் தீர்ந்தது. இரண்டு வயர், இரண்டு தீக்குச்சி. பிரபாவதி கேட்டது அத்துடன் முடிந்தது. நான் தொடங்கினேன்.

பேட்டரியை நிரப்பிய பிறகே வேலையைத் தொடங்கவும் என்று கருவி ஆங்கிலத்தில் வேண்டியது. கீழ்மட்டக் கருத்துகளுக்கு நான் இடம் கொடுப்பதில்லை. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு நேர் மின்சாரத்தில் ஓட்டினேன். பத்து சதவீதம். முப்பது. அறுபது. அறுபத்து மூன்றில் மின்விசிறி நின்றது. கணினி நின்றது. கருவி கறுத்தது.

வாசலில் அலுவலக உதவியாளர் அப்பாசாமி மெயின் சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஏன்யா ஆஃப் பண்ணே?”

“மணி ஒண்ணாச்சுங்க. சோத்து நேரம்.”

“உள்ளே வேலை நடக்குதில்ல?”

“‘எவ்விதப் பணி நடைபெற்றுக்கொண்டிருப்பினும்’னு போட்டிருக்குதுங்களே. நீங்கதானுங்க எழுதுனீங்க.”

மின் சிக்கனச் சுற்றறிக்கை. மூன்று நகல்கள் எடுத்து, ஒன்றைச் சுவிட்சுக்கு மேலேயே ஒட்டச் சொல்லியிருந்தேன். மறுபடி படித்தேன். தப்பிக்கவே வழியில்லாத நடை.

மின்சாரம் வந்தபின் கருவியை இயக்கினால் பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து நொடியில் அணைந்தது. திரை வரவில்லை. மூன்று மணிக்குப் ‘பழுதாய்வுக் குழு’ கூடியது. தலைவர் நான். உறுப்பினர் தட்டச்சர் வளர்மதி. டீ அப்பாசாமி.

“பச்ச வெளக்கு எரிஞ்சு எரிஞ்சு அணையுதுங்க சார்,” என்றார் வளர்மதி.

“எழுதுங்க. ‘கருவி ஒத்துழைக்க முன்வருகிறது.’”

“ஸ்கிரீன் வரலீங்களே.”

“‘திரை நீங்கலாகப் பிற அனைத்தும் திருப்தி.’”

“குளுருக்கு அப்படித்தானுங்க,” என்றார் அப்பாசாமி. “எங்கூர்ல டிராக்டரே காலைல கெளம்பாது. வெயில்ல வெச்சா ஓடும்.”

நிபுணர் கருத்து ஏற்கப்பட்டது. ஜீப்பின் முகப்பில் கருவியை வைத்தோம். மேகம் வந்து ஜீப்பையே மறைத்தது. அதையும் பதிவு செய்தோம். மூன்று நகல்கள். ஒன்று கோப்புக்கு, ஒன்று இருப்புக்கு, ஒன்று சம்பந்தப்பட்டவருக்கு.

சம்பந்தப்பட்டவர் வியாழக்கிழமை வந்தார். இடுப்பில் குழந்தை.

“ஆச்சுங்களா சார்?”

“மேம்பாட்டுல இருக்குதும்மா.”

“அவரு பத்திரமா இருக்கறாருங்களா?”

“எல்லாம் நடைமுறைப்படி நடக்குது,” என்று நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கொடுத்தேன். அவர் அதை மடித்துத் தடுப்பூசிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். தாரணி என் மேசையில் எதையோ தேடினாள்.

அன்றே சேலத்தில் இப்படிப்பட்ட கருவிகளைப் பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“அதுக்குன்னே ஒரு பேட்டரி இருக்குதுங்க. அதைப் போட்டா செத்த மெஷினும் எந்திரிக்கும். கூட ஒரு மெமரி கார்டு வேணும். அதைச் சுத்தமா அழிச்சுட்டு நான் குடுக்கற ஃபைல ஏத்தணும்.”

“கார்டு மெஷின்லயே இருக்கு.”

“அதுல ஏதாச்சும் இருந்தா மொதல்ல காப்பி எடுத்துக்குங்க சார்.”

எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு ஆண்டுகளாக நகல் இல்லாமல் ஒரு தாளையும் நகர்த்தாதவன் நான். எனக்கே நகல் எடுக்கச் சொல்லித் தருகிறார்.

பேட்டரியும் ஒரு சிடியும் சனிக்கிழமை பஸ்ஸில் வந்து சேர்ந்தன. விடுமுறை நாளிலும் குழு கூடியது. கார்டைக் கணினியில் செருகினேன். உள்ளே ஒரே ஒரு கோப்பு. பெயர் என்று ஓரிரு எழுத்தும் பல பூச்சியங்களும். பொருள் இல்லை, அனுப்புநர் இல்லை, கையொப்பம் இல்லை. அலுவலகத்தில் இப்படிப்பட்ட கோப்புகள் என் கண்ணில் படுவதே இல்லை. ‘அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா?’ என்று கணினி கேட்டது. கணினிக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. எனக்கு உண்டு. சம்மதம் என்றேன்.

கருவி எழுந்தது. திரை வந்தது. வளர்மதி கைதட்டினார். அப்பாசாமி கற்பூரம் காட்டினார். நாற்பது கேம்களையும் ஏற்றினேன்.

திங்கட்கிழமை கருவி ஒப்படைக்கும் நிகழ்ச்சி. முதலில் ஒப்புகைச் சீட்டு. ‘மேற்படி கருவி நல்ல நிலையில், முழு மன நிறைவுடன் பெற்றுக்கொள்ளப்பட்டது.’ கார்பன் வைத்து அடித்திருந்தாலும் ஒவ்வொரு நகலிலும் மையில் கையொப்பம் வேண்டும் என்பது என் விதி. பிரபாவதி குழந்தையை இடுப்பில் இருத்திக்கொண்டு மூன்று முறை கையெழுத்துப் போட்டார்.

“ரொம்ப நன்றிங்க சார். கண்ணு, அப்பா பாக்கலாமா?”

பொத்தானை அழுத்தினார். கார் ஒன்று சீறிக்கொண்டு வந்தது. தாரணி திரையைத் தொட்டாள். கார் சுவரில் மோதியது. அவள் கருவியைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

பிரபாவதி அடுத்ததை அழுத்தினார். குத்துச்சண்டை. அடுத்தது. கால்பந்து. நாற்பதையும் பார்த்தார். நான் என் சான்றிதழைப் பார்த்தேன். வளர்மதி கார்பன் தாள்களை உருவிவிட்டு நகல்களை அடுக்கினார்.

பிரபாவதி நிமிர்ந்து அந்தத் தாள்களைப் பார்த்தார்.

“இந்தக் காயிதத்துக்கு மூணு காப்பி வெச்சிருக்கீங்க. அவருக்கு ஒண்ணு வெச்சிருக்கீங்களா சார்?”