அமெரிக்கப் பெட்டியும் அரை வோல்டேஜும்

முனுசாமியின் ரேடியோவை ஒழித்துக் கட்டுவது என்று யேசுதாஸ் சபதம் எடுத்தார்.

உடைத்து அல்ல. அடிதடி அவருக்கு ஆகாது. அதைவிடப் பெரிய சத்தத்தால்.

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் அடுத்தடுத்த வீடு இருவருக்கும். விடிந்தால் முனுசாமியின் ரேடியோ எழுந்துவிடும். தெருவே அதன் வாசலில் நிற்கும். யேசுதாஸ் மட்டும் காதில் விரலை வைத்துக்கொண்டு பல் தேய்க்க முயன்று தோற்பார்.

அந்த நேரத்தில்தான் கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் மோசஸ், அமெரிக்காவிலிருந்து ஒரு ரெக்கார்டு பிளேயரைக் கொண்டுவந்து தன் அக்கா விக்டோரியாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். யேசுதாஸ் வேலையிலிருந்து திரும்பியபோது மச்சான் கிளம்பியிருந்தான், பெட்டி இருந்தது. பெட்டி என்றால் பெட்டி! பச்சை ரெக்ஸின் உறை, பளபளவென்று கொக்கி, மூடியைத் திறந்தால் உள்ளே சுற்றும் தட்டு.

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பிளக்கை எடுத்தார். அதன் தட்டைக் கால்கள் நம் ஊர் ஓட்டைக்குள் போக மறுத்தன. ஒயரை அறுத்து நேரே செருகப் போனார்.

"தொடாதீங்க!" என்று விக்டோரியா போட்ட சத்தத்தில் முனுசாமி ரேடியோவே ஒரு கணம் நின்றது போலிருந்தது. "அது அமெரிக்காப் பொட்டி. அங்க கரண்டு நூத்திப் பத்துதானாம். நம்ம ஊட்ல எரநூத்தி முப்பது. அப்டியே சொருவுனா வெடிச்சிடுமாம். மோசஸ் சொல்லிட்டுப் போனான்."

"அம்மாம் பெரிய நாடு, கரண்டு மட்டும் பாதியா?"

"அவங்க சிக்கனமா கீறாங்க. அதான் சந்திரனுக்கே போய்ட்டு வராங்க."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"டிரான்ஸ்பார்மர்னு ஒண்ணு கீதாம். எரநூத்தி முப்பத நூத்திப் பத்தா கொறைக்குமாம். ஆனா அந்தப் பேஜாரெல்லாம் உங்களுக்கு எதுக்கு? முனுசாமி அண்ணன் மாதிரி சின்னதா ஒரு ரேடியோ வாங்கிக்கலாம், உடுங்க."

கடைசி வாக்கியம் யேசுதாஸின் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. ஆணி அவருக்குப் புதிதில்லை. அம்பத்தூரில் ஓர் ஆணிக் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். கம்பெனியில் ஆணி அடித்த மாதிரி பேசுவார். வீட்டில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கச் சொன்னால், "அடுத்த வருஷக் காலண்டருக்குப் பாத்துக்கலாம்" என்பார்.

ஆனால் இது காலண்டர் இல்லை. கௌரவம்.

ஆவடியில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் ஒருவரைப் பிடித்தார். கூடவே உட்கார்ந்து செய்யவைத்தார். தயாரான டிரான்ஸ்பார்மர் அம்மிக்கல் கனம். மடியில் வைத்தபடி ரயிலில் வந்து செவ்வாப்பேட்டையில் இறங்கியபோது இரண்டு காலும் மரத்திருந்தன. பிளாட்பாரத்தில் முனுசாமி.

"இன்னா யேசு, நொண்டிக்கினு வர?"

"டிரான்ஸ்பார்மர் வந்துடுச்சு!" என்றார் யேசுதாஸ் வெற்றியோடு.

"டிரான்ஸ்பரா? அடப்பாவமே, எந்த ஊருக்கு? ஊட்டக் காலி பண்றியா?"

"நான் காலி பண்ணல. உன் ரேடியோதான் காலியாவப் போவுது."

வீட்டில் இருந்த இரண்டு பிளக் பாயிண்டும் ஒரே இடத்தில், சமையல்கட்டு வாசலில். டிரான்ஸ்பார்மரை அங்கேயே வைத்து மாட்டினார். அது வண்டு மாதிரி ரீங்காரம் செய்தது. யேசுதாஸ் மெய்மறந்து கேட்டார். விக்டோரியா குனிந்து அதன்மேல் கையை வைத்தாள். சட்டென்று எடுத்தாள்.

"இன்னாங்க, அடுப்பாட்டம் கொதிக்குதே."

"கொதிச்சா?"

"எனக்கு இன்னா தெரியும்? உருகிடுச்சுன்னா மறுபடியும் மடியில வெச்சுக்கினு வருவீங்க. பாவம், கொஞ்சம் காத்து பட்டா தாங்கும்."

எத்தனையோ கோடைகளாக விக்டோரியா ஒரு ஃபேன் கேட்டுக்கொண்டிருந்தாள். "வேர்வை வந்தாதான் ஒடம்புல கெட்ட நீர் போவும்" என்று அவர் மருத்துவம் சொல்லிக்கொண்டிருந்தார். டிரான்ஸ்பார்மருக்கு ஏது கெட்ட நீர்? மறுநாளே திருவள்ளூர் போய் ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வந்தார். அதே சமையல்கட்டு வாசலில் வைத்துச் சுழலவிட்டார். காற்று டிரான்ஸ்பார்மரைத் தடவிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போயிற்று.

"சமையல்கட்டுக்குள்ள வேஸ்டா போவுதே" என்றார்.

"போனா போவுது. அதுக்கோசரம் செவுரா வெக்க முடியும்?" என்றாள் விக்டோரியா பெருந்தன்மையாக.

அப்புறம் அவள் மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னாடி?"

"இல்ல, ஒழுவற ஓடு சரியா இதுக்கு நேரா கீது. மழ வந்தா நான் குண்டான் வெச்சு சமாளிச்சுப்பேன். கரண்டுப் பொட்டி மேல சொட்டுனா..."

சொந்தத் தலையில் சொட்டியபோதெல்லாம் தலையை நகர்த்திக்கொண்ட யேசுதாஸ், ஏணியைத் தேடி ஓடினார். பழைய ஓடுகள் இறங்கின, புது ஓடுகள் ஏறின.

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும், தெருவைக் கூட்டினார். முனுசாமியும் அவர் மனைவி சின்னப்பொண்ணும் முன்வரிசை. மோசஸ் பெட்டியோடு ஓர் இங்கிலீஷ் பாட்டு ரெக்கார்டும் கொடுத்திருந்தான். அட்டையில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்.

யேசுதாஸ் முள்ளை இறக்கினார். பெட்டி பாடியது. ஜலதோஷம் பிடித்த எருமை, கிணற்றுக்குள் இருந்தபடி, அவசரமே இல்லாமல் பாடுவது போலிருந்தது.

"யேசு," என்றார் முனுசாமி மெதுவாக, "அட்டையில பொம்பள. உள்ள ஆம்பளயா?"

யேசுதாஸ் மார்பை நிமிர்த்தினார். "அமெரிக்காவுல அப்டித்தான் பாடுவாங்க! அங்கத்துப் பொம்பளைங்க தொண்டையே கனம். உன் ரேடியோல வர மாதிரி ரயிலுக்கு ஓடறவங்களாட்டம் பாட மாட்டாங்க."

சத்தத்தைக் கூட்டினார். ஓடு அதிர்ந்தது. புது ஓடு, தாங்கியது. சின்னப்பொண்ணு கைதட்டிவிட்டு, "இன்னொரு வாட்டி போடுங்கண்ணே" என்றாள். முனுசாமி வீட்டுக்குப் போய் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வெற்றி! அன்று முதல் தெரு யேசுதாஸ் வாசலுக்கு இடம் மாறியது. ஸ்டேஷனில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "நூத்திப் பத்து வோல்ட் ஊடு இவருதுதான்" என்று காட்டினார்கள். யேசுதாஸ் நடையிலேயே ஓர் அமெரிக்கா வந்துவிட்டது.

மோசஸ் அடுத்த விடுமுறைக்கு வந்து சேர்ந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யாரு மாமா இது, வயித்துவலிக்காரனாட்டம் பாடறது?"

"உன் ரெக்கார்டுதாண்டா!"

மோசஸ் சிரித்தபடி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சக்கரத்தை எடுத்தான். "அங்க கரண்டு அறுபது சைக்கிள், இங்க அம்பது. அதான் மெதுவா சுத்துது. இதுக்குன்னே இந்த வாட்டி வாங்கியாந்தேன், இத மாட்டுனா சரியாப் பூடும்."

"கரண்டு சைக்கிள்லயா வருது?" என்றார் பாட்டுக் கேட்க வந்து உட்கார்ந்திருந்த முனுசாமி.

மோசஸின் கண் சமையல்கட்டு வாசலுக்குப் போயிற்று. "இது இன்னா மாமா, அம்மிக்கல்லு உறுமுது?"

"டிரான்ஸ்பார்மர்! ஸ்பெஷலா சொல்லிச் செஞ்சது. உன் பொட்டிய வெடிக்காம காப்பாத்தறதே இதுதான்."

"இது எதுக்கு? பொட்டி பின்னாடியே சுவிச் கீதே." மோசஸ் பெட்டியைத் திருப்பினான். ஒரு குட்டி மூடியை நகத்தால் நெம்பி, உள்ளே இருந்ததை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளினான். "நூத்திப் பத்துலேர்ந்து எரநூத்தி இருவது. அவ்ளோதான். அக்காகிட்ட அன்னிக்கே காட்டிட்டுத்தானே போனேன்?"

சக்கரத்தையும் மாற்றி, ஒயரில் நம் ஊர் பிளக் ஒன்றை மாட்டி நேரே சுவரில் செருகினான். பெட்டி வெடிக்கவில்லை. அட்டையில் சிரித்த அதே பெண், பெண் குரலிலேயே, துள்ளித் துள்ளிப் பாடினாள். முனுசாமி வாயைப் பொத்திக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

யேசுதாஸ் மெல்ல எழுந்து சமையல்கட்டு வாசலுக்குப் போனார். உள்ளே விக்டோரியா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. முந்தானை காற்றில் ஜம்மென்று பறந்துகொண்டிருந்தது.

"ஏண்டி, அந்த சுவிச் உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே பாட்டு வந்திருக்குமேடி!"

விக்டோரியா மீனைத் திருப்பிப் போட்டாள்.

"பாட்டு வந்திருக்கும். காத்து வந்திருக்குமா?"