மாறக் கூடாத கணினியும் வராத லீவும்

அன்புள்ள மனைவிக்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. நானும் வீடும் நலம். சமையலறைக் குழாய் மட்டும் நீ மாற்றலாகிப் போன துக்கத்தில் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. உன் நலமும் உங்கள் கிளை அலுவலகத்து நலமும் அறிய ஆவல்.

இந்த மாதமும் நான் வருவதற்கில்லை. கோபப்படாமல் காரணத்தைக் கேள். நம் கம்பெனிக் கணினிகளையெல்லாம் புது இயங்குதளத்துக்கு மாற்றும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள் அல்லவா? "கடைசிக் கம்ப்யூட்டர் மாறின அன்னைக்கு உங்களுக்கு லீவு" என்று மேலாளர் சொல்லிவிட்டார். எந்தப் பிரிவு எப்போது மாறும், எந்தக் கோப்பு எங்கே போகும் என்று நானும் அழகாக ஒரு திட்டம் போட்டேன். முதலில் மாறத்தான் ஆளில்லை. கணக்குப் பிரிவு அக்கா, "முதல்ல சரக்குப் பிரிவு மாறட்டும் தம்பி, அவங்க பொழைச்சா நாங்க வர்றோம்" என்றார். சரக்குப் பிரிவு அண்ணன், "ஆழம் பாக்க எங்க காலுதான் கெடச்சுதா?" என்றார். வேறு வழியில்லாமல் என் கணினியையே முதலில் மாற்றினேன். நான் உயிரோடிருப்பதைப் பார்த்து எல்லாரும் சம்மதித்தார்கள். சந்தோஷமாகத் திட்டத்தைத் திறந்தால், திறக்கவில்லை. அதை எழுதிய பழைய மென்பொருள் புதியதில் ஓடாதாம். நல்லவேளை, இங்கே ஆபீஸில் நீ விட்டுப்போன உன் கணினி பழையபடியே இருந்தது, அதில் திறந்தது. அன்று முதல் உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஊரையே மாற்றினேன். மிச்சம் உன்னுடையது ஒன்றுதான்.

அதை ஏன் கடைசியில் வைத்தேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். மாற்றலாகிப் போகும்போது எனக்காக அதில் ஓர் அறிவிப்பு வைத்துவிட்டுப் போனாயே, மதியம் ஒரு மணிக்குத் திரையில் வந்து குதிக்கிறது: "ஏங்க, எந்திரிங்க. சாப்பாடு ஆறுது." நான் கொண்டுபோவது காலையிலேயே ஆறிப்போன ரொட்டி. ஆனாலும் எழுந்துவிடுகிறேன். அந்தக் கட்டத்தை உடனே மூடுவதில்லை, கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டுவைக்கிறேன். கணினியை மாற்றினால் அது போய்விடும். மாற்றாவிட்டால் லீவு இல்லை. உன்னைப் பார்க்க வேண்டுமென்றால் உன் வரியை அழிக்க வேண்டும். இது எந்த ஊர் நியாயம், சொல்.

நேற்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு கை வைத்தேன். மேலாளர் ஓடிவந்தார். "ஐயையோ, தொடாதீங்க! திட்டம் அதுல மட்டும்தானே தொறக்குது? அது பழசாவே இருக்கட்டும்." எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "அப்ப என் லீவு, சார்?" என்றேன். "கடைசிக் கம்ப்யூட்டர் மாறட்டும்னு சொன்னேன்ல?" என்றார். மாறவே கூடாத கம்ப்யூட்டர் எப்ப மாறி, நான் எப்ப வண்டி ஏறி, உன் மூஞ்சிய எப்பம்மா பாக்கறது?

ஆகவே என்னை எதிர்பார்க்காதே. மழையில் நனையாதே. வேளைக்குச் சாப்பிடு, அங்கே உன்னை எழுப்பிவிட ஆளில்லை.

ஆறின ரொட்டியுடன்,
உன் அன்புக் கணவன்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. அடுத்து மாறப்போவது உங்கள் கிளையாம். அதற்குத் திட்டம் வேண்டும். திட்டம் உன் கணினியில்தான் திறக்கும். "தூக்கிட்டுப் போய் அங்கேயே உக்காந்து முடிங்க" என்கிறார் மேலாளர். அதனால் இதைத் தபாலில் போடவில்லை. உன் வாசலில் ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பவன் கையிலிருந்து வாங்கித்தான் படித்துக்கொண்டிருக்கிறாய். படிச்சது போதும்மா, உள்ள விடு. சாப்பாடு ஆறுது.