முப்பதடியும் நான் மறந்த நான்கு சுவர்களும்

கணக்கு டீச்சர் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டால் ஊருக்கு வரும் சந்தோஷமே தனி. அந்தச் சந்தோஷத்தை ராசிபுரத்துக்கு நான் ஒருமுறை வாரி வழங்கியிருக்கிறேன். வீடு கட்டி ஆறு வருடமாகியும் அது தீர்ந்தபாடில்லை.

என் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். வருடத்தில் பத்து மாதம் மத்தியப் பிரதேசத்தில் எங்காவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். அதனால் புது வீட்டுக்கு பிளான் போடும் வேலை என் தலையில் விழுந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நானேதான் பிடுங்கிக்கொண்டேன். “இஞ்சினியர்கிட்டக் குடுத்தரலாம் கோமதி” என்று அவர் போனில் சொன்னார். “பன்னெண்டாவதுக்கு வடிவியல் எடுக்கறவளுக்கு நாலு ரூமு போடத் தெரியாதுங்களா?” என்று கேட்டேன். (இந்த வசனம் எங்கள் வீட்டில் இன்னும் நடிப்போடு சொல்லப்படுகிறது.)

எனக்கு அந்த வீட்டில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. விடைத்தாள் திருத்த எனக்கென்று ஓர் அறை. பதினோரு வருடமாகக் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து திருத்தியவள் நான். மாணவியின் தாளில் சாம்பார் சொட்டியதற்கு அவளிடமே மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

மாமியாருக்கு வேண்டியிருந்தது மனையடி சாஸ்திரம். அறைக்குள்ளே சுவருக்குச் சுவர் அளந்தால் நல்ல எண்தான் வர வேண்டும். ஆறு, எட்டு, பத்து, பதினொன்று, பதினாறு நல்லவை. ஐந்து, ஏழு, ஒன்பது ஆகாது. பன்னிரண்டு முதல் பதினைந்து வரை பேசவே கூடாது. முன்வரிசை அறைகளுக்கு எங்களுக்கு இருந்த அகலம் முப்பதடி. ஹாலுக்குப் பதினாறு, என் அறைக்கு எட்டு, பூஜை அறைக்கு ஆறு. கூட்டினால் கச்சிதமாக முப்பது! கிராஃப் தாளில் வரைந்து, வண்ணம் தீட்டி, ஸ்டாஃப் ரூமில் சுற்றுக்கு விட்டேன். அறிவியல் டீச்சர் ஜெராக்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பூமி பூஜைக்குக் கணவர் வந்திருந்தார். சொந்தபந்தம் ஐம்பது பேர். பூஜை முடிந்ததும் மாரிமுத்து மேஸ்திரி கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட ஆரம்பித்தார். ஹால் முடிந்தது. என் அறை முடிந்தது. பூஜை அறையை அளந்துகொண்டே போனவர், பக்கத்து மனையின் வெண்டைச் செடிகளுக்குள் போய் நின்றார்.

“ஏனுங்க டீச்சர், இதுல செவுரு எங்கீங்க?”

“அதான் கோடு போட்டிருக்கனே மேஸ்திரி.”

“கோடு இருக்குதுங்க. முக்காலடிச் செவுரு நாலு வருதுங்களே. அந்த மூணடிய எங்கீங்க வெக்கறது?”

கோட்டுக்கு நீளம் உண்டு, தடிமன் கிடையாது என்று கரும்பலகை முன்னால் நின்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதை முழுசாக நம்பியவளும் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

“செவுரு இருந்தாத்தான் சித்திரம் வரைய முடியும்பாங்க. எங்கூட்டுக்காரி செவுரே இல்லாம வரைஞ்சுட்டா!” என்றார் கணவர். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அவருடைய ரிக் வண்டியைக் கொண்டுவந்து ஒரு குழி போடச் சொல்லி அதில் இறங்கிவிடலாம் என்று தோன்றியது.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. அவருடைய சித்தப்பா எழுந்தார். “அந்த எட்டடி ரூம எடுத்துப்போடுங்க. ஹால இருவத்தொண்ணா வெச்சுக்கலாம், அதுவும் நல்ல நெம்பரு. பேப்பர் திருத்தறதுக்கெல்லாம் ஒரு ரூமாக்கும்?” நாலு பேர் தலையாட்டினார்கள். மேஸ்திரி என் அறையின் கோட்டைக் காலால் அழிக்கப் போனார்.

“நில்லுங்க!” என்றேன். பத்தாம் வகுப்புக் குரல். ஐம்பது பேரில் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

சுண்ணாம்பை அள்ளித் தரையிலேயே கணக்குப் போட்டேன். “தப்பு கோட்டுல, ரூமுல இல்லீங்க. மூணு ரூமும் வேணும். முப்பதுல மூணு போனா இருபத்தேழு. ஹாலு பதினாறுன்னா பாக்கி பதினொண்ணு. அதுல ரெண்டு ரூம் போட்டா ஆறும் அஞ்சும்தான். அஞ்சு ஆகாது. அதனால ஹாலு பதினொண்ணு, என்ற ரூமு பத்து, பூஜை ரூமு ஆறு. வேற வழியே கெடையாதுங்க.”

எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். “டீச்சரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும். கோட்டப் போடுங்க மேஸ்திரி” என்றார் அவர்.

எட்டடி கேட்டவளுக்குப் பத்தடி கிடைத்தது. தப்பான விடைக்குக் கூடுதல் மதிப்பெண் வாங்கியவள், எனக்குத் தெரிந்து, நான் மட்டும்தான்.

ஹால்தான் பதினோரடி அகலத்தில் நீண்டு டவுன் பஸ் மாதிரி ஆகிவிட்டது. வருகிறவர்கள் ஜன்னலோர சீட்டு கேட்கிறார்கள். எல்லோரும் உட்கார்ந்ததும் கணவர் விசிலடித்து, “ரைட், போலாம்!” என்பார். இருக்கட்டும். அந்த வீட்டுக்கு பிளான் போட்டது யார் என்று கேட்டால் நான் இன்றும் நிமிர்ந்து நின்றுதான் பதில் சொல்வேன்.

போன மாதம் மாடி கட்டும் பேச்சு வந்தது. நான் என் அறையில் திருத்திக்கொண்டிருந்தபோது மாமியார் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“ஏங்கண்ணு, பதினொண்ணு, எட்டு, எட்டு. அதுவும் இருவத்தேளுதான?”

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். இருபத்தேழுதான். பூஜை அறை எட்டடி ஆகியிருக்கும். என் அறையும் எட்டிலேயே நின்றிருக்கும். அன்றைக்கு அந்த விடையை வேண்டுமென்றேதான் விழுங்கியிருந்தேன்.

“எப்பங்க அத்தை கண்டுபுடிச்சீங்க?”

“அன்னைக்கேதான். நீ சுண்ணாம்புல எளுதறப்பவே.”

“அப்புறம் ஏனுங்க சொல்லல?”

“சாமிக்கு ஆறடி போதும். உனக்குத்தான் பத்தாது” என்று எழுந்தார். “மாடிக்கும் நீயே பிளான் போடு கண்ணு. செவுத்த நான் எண்ணிக்கறேன்.”