முள் நகராப் படலம்

வாழ்க, லாரிகளின் கூற்றுவன்! வாழ்க, மிகைபாரம் கண்டால் மீசை துடிக்கும் மாவீரன்! முழு லாரியையே நிறுத்துப் பார்க்கும் இரும்பு மேடையின் அருகே, ஒற்றை நாற்காலியில் அமர்ந்தபடியே ஓட்டுநர்ப் பெரும்படையை முறியடிக்கும் எடைமேடைக் காவலன், ‘தராசு’ எனச் சாலை நெடுகப் பெயர் பெற்றவன், அந்த நாற்காலியின் இரு கைப்பிடிகளுக்கும் நடுவே காற்றுக்கும் வழிவிடாமல் வீற்றிருப்பவன், அவன் புகழைப் பாடப் புகுந்தோம், நாவே, தடுமாறாதே, வயிறே, குறுக்கே பேசாதே. பாட்டுடைத் தலைவன் அப்போது குளியலறை வாசலில் துண்டோடு நின்றுகொண்டிருந்தான்.

அவன் காலடியில் கிடந்தது பகை. சாணளவு உடல், கண்ணாடி முகம், சிவந்த ஒற்றை முள். எத்தனையோ நல்ல குடும்பங்களின் காலைப் பொழுதைக் கெடுத்த எடைக்கருவி. வீரன் ஏறினான். முள் சிலிர்த்தது, துடித்தது, ஓடியது, எண்பத்திரண்டில் வந்து சம்மணமிட்டு அமர்ந்தது. மூன்று வாரமாக அது அங்கேயேதான் அமர்ந்திருக்கிறது.

இப்பெரும்போர் மூண்ட வரலாறு கேளீர். இரண்டு மாதங்களுக்கு முன், மனையாளின் உடன்பிறந்தான், வாய் ஒன்றையே படைக்கலமாகக் கொண்ட மச்சினன், விருந்துக்கு வந்தவன், “மாமா உக்காந்தா சோஃபா எந்திரிச்சு நிக்குது” என்றான். கூடம் அதிரச் சிரித்தனர். மனைவியும் சிரித்தாள், அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. உடனே எழுந்தான் வீரன், உடனே என்பது காவிய மரபு, உண்மையில் சற்று நேரம் பிடித்தது. எழுந்து, இருபது ஆண்டுகளாய் எண்ணெய் ஊற்றி வளர்த்ததும், தன் உடம்பில் தன் பேச்சைக் கேட்கும் ஒரே உறுப்பானதுமான மீசையைப் பற்றி வஞ்சினம் மொழிந்தான்.

“ரெண்டு மாசத்துல எண்பதைத் தொடலன்னா, இந்த மீசையை எடுத்துடுறேன்டா!”

“எடுத்துடுங்க மாமா, பார்த்துடலாம்!” என்றான் மச்சினன், வாயில் கேக்கோடு.

அன்று தொடங்கியது கலோரிப் பெரும்போர். கைப்பேசியில் கணக்குச் செயலி குடியேறியது. ரொட்டித் துண்டுகள் நிறுக்கப்பட்டன. அவித்த முட்டை விசாரிக்கப்பட்டது. வெள்ளரிக்காயே ஆயினும் தராசுத் தட்டில் தலைவணங்காமல் வாய்க்குள் நுழைய இயலவில்லை. எண்பத்தொன்பதில் தொடங்கிய படையெடுப்பு கோட்டைகள் பலவற்றைச் சாய்த்து எண்பத்திரண்டை அடைந்தது. அங்கே முள் நின்றுவிட்டது.

அதற்குப் பின் அவன் கையாளாத போர்த்தந்திரம் இல்லை. கருவியை ஒரு தரைக்கல்லிலிருந்து மறு கல்லுக்கு நகர்த்தினான். கடிகாரம் களைந்தான், மோதிரம் களைந்தான், எஞ்சியிருந்த மானத்தையும் களைந்து கதவைத் தாழிட்டு ஏறினான். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தான். மூச்சை முழுவதும் வெளியே விட்டு, மீண்டும் இழுக்க மறந்து, சுவரைப் பிடித்தான். முள்ளுக்கு இரக்கமே இல்லை.

ஆனால் மறைப்பானேன்? செயலி அறியாத ஒரு நாடு இருந்தது. அதன் பெயர் ‘சும்மா’. பிஸ்கட் முழுதாய் இருந்தால் அது உணவு, உடைந்திருந்தால் சும்மா. மகள் தட்டில் வைத்துவிட்டுப் போன பாதி கேக் வீணாகக்கூடாதே என்று எடுத்தது சும்மா. அடுப்பருகே நின்று வாயில் போட்ட முந்திரி சும்மாவிலும் சும்மா. “வாயில என்னங்க?” என்று மனைவி கேட்கும்போதெல்லாம் அவன் கன்னத்தை அசைக்காமல் விடையிறுப்பான்: “ஒண்ணுமில்ல, சும்மா.” பொய் சொல்வதாக அவனுக்குத் தோன்றவேயில்லை.

கெடு முடியும் நாளுக்கு முதல்நாள் நண்பகல். லாரிகள் ஓய்ந்த வேளை, வேறு புகலற்ற வீரன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தன் எடைமேடையில் தானே ஏறினான். யானைகளை நிறுக்கவல்ல அப்பேரிரும்புக்குப் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணத் தெரியும். இரண்டு கிலோவெல்லாம் அதன் கண்ணில் தூசி. எண்பது என்று ஒளிர்ந்தது திரை! ஓடிச்சென்று பொத்தானை அமுக்கினான், சீட்டு வெளிவந்தது. வண்டி எண்: இல்லை. சரக்கு: இதரம். மொத்த எடை: 80. முத்திரை குத்திச் சட்டைப்பையில் வைத்து, மீசையைத் தடவிக்கொண்டு, வெற்றி விழாவாக ஒரு பிடி வறுத்த கடலையை வாயில் போட்டான்.

அந்நேரம் புழுதி கிளப்பி வந்து மேடையேறியது ஒரு லாரி. மிகைபாரம். ஓட்டுநர் இறங்கி வந்து தலையைச் சொறிந்தார்.

“சும்மா நாலு மூட்டை மேல போட்டேன் அண்ணே. அதையெல்லாம் போய் கணக்குல சேப்பாங்களா?”

சீறினான் தராசு. “சும்மா போட்டா எடை ஏறாதாய்யா? சும்மான்னா என்ன, காத்தா?”

“கோவிக்காதீங்க. வாயில என்னண்ணே, பேச்சே புரியல?”

“ஒண்ணுமில்ல, சும்...”

சொல் பாதியில் நின்றது. கடலையும் பாதியில் நின்றது. உடைந்த பிஸ்கட்டுகளும் வீணாகாத கேக்குகளும் முந்திரிகளும் மூன்று வாரக் கடனைக் கேட்டு அணிவகுத்து அவன் கண்முன் வந்தன. அவனுக்கு உள்ளபடியே வெட்கமாக இருந்தது.

சீட்டு பையில்தான் இருந்தது. அதைக் காட்டினால் மீசை பிழைக்கும். மச்சினன் வாய் அடைபடும். ஆனால் எந்த வண்டிக்கும் பொய்ச்சீட்டு எழுதியறியாத கை அது. ஊரெல்லாம் திட்டித் தீர்த்தாலும் அந்த ஒன்றை மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. முதல் பொய்ச்சீட்டைத் தனக்கே எழுதிக்கொள்வதா? கடலையை விழுங்கினான். சீட்டைக் கிழித்தான். பிறகு நாலு மூட்டையையும் இறக்கச் சொன்னான்.

மறுநாள் காலை, சவரக்கத்தி என்னும் வாளேந்திக் கண்ணாடி முன் நின்றான். “விடுங்க, அவன் ஒரு ஆளுன்னு...” என்று மனைவி கதவருகே வந்து கெஞ்சினாள், இந்த முறை அவள் சிரிக்கவில்லை. வாள் இருமுறை மின்னியது. இருபதாண்டுப் பேரரசு கைகழுவும் தொட்டியில் சோப்பு நுரையோடு கலந்து கிடந்தது. கூடத்துக்கு வந்தவனைக் கண்டு, தீர்ப்புக் கேட்க வந்திருந்த மச்சினன் சோஃபாவிலிருந்து துள்ளி எழுந்தான்.

“ஐயையோ மாமா! நான் சும்மா சொன்னதுக்குப் போய் எடுத்துட்டீங்களா?”

வீரனோ மச்சினனைப் பாராமல், மனைவியைப் பாராமல், வெறுமையான மேலுதட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, இத்தனை மயிரும் இத்தனை எண்ணெயும் இத்தனை ஆண்டு கர்வமும் இறங்கிய உடல் எடையிலும் ஏதேனும் இறங்கியிருக்கத்தானே வேண்டும் என்னும் கடைசி நம்பிக்கையை நெஞ்சில் ஏந்தி, குளியலறை வாசலுக்குத் திரும்பி, திசைகள் எட்டும் மூச்சடக்கி நிற்க, அறையின் மின்விசிறியும் ஒருகணம் தயங்க, வலக்காலை முன்வைத்து, இடக்காலைப் பின்வைத்து, பகைவன் தலைமீது கடைசி முறையாக ஏறி நின்றான்.

எண்பத்திரண்டுதான் காட்டியது.