தூக்குவாளிக்கு அடியில் பன்னிரண்டு சொற்கள்

காரோடு,
அறுப்புப் பண்டிகை கழிந்து மூன்றாம் நாள்.

கர்த்தருக்குள் பிரியமான தங்கபாய் அக்காவுக்கு, தம்பி சத்தியதாஸ் மழையோடும் சளியோடும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஓமனக்குட்டியும் தேவ கிருபையால் சுகம். அயர்லாந்தில் மகன் நிபின் சுகம் என்று அவனே சொல்லுகிறான். தாம்பரத்தில் உன் சுகத்தையும், உன் இரண்டு முழங்கால்களின் சுகத்தையும் தனித்தனியாக அறிய ஆவல். போன தடவை இடது காலைப் பற்றி மட்டும் சொல்லி வலது காலை விட்டுவிட்டாய். மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

கையில் ஃபோன் இருக்கும்போது இவன் எதற்கு தபாலாபீசுக்கு நடக்கிறான் என்று நினைப்பாய். காரணம் உண்டு. இந்த விஷயத்தை ஃபோனில் பேசக்கூடாது, வாட்ஸ்அப்பில் எழுதக்கூடாது, அவன் அம்மா ஓமனக்குட்டியிடம் கூடச் சொல்லக்கூடாது என்பது நிபினின் கட்டளை. கடிதத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒன்று உலகத்தில் இருப்பது அந்தக் காலத்துப் பிள்ளைகளான நமக்குத்தானே தெரியும்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அவன் என்னைத் தென்னந்தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். கிணற்றுப் பக்கம் ஆள் இல்லையென்று பார்த்துவிட்டு, "அப்பா, ஏழு வருஷமாட்டு நான் சேத்த பைசா முழுக்க பிட்காயின்ல கிடக்கு" என்றான். எந்த பாங்க் என்று கேட்டேன். பாங்க் இல்லையாம். மானேஜர் யார் என்றேன். மானேஜரும் இல்லையாம், பாஸ்புக்கும் இல்லையாம், தலை படம் போட்ட நோட்டும் இல்லையாம். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று சில்லறை எண்ணிய எனக்குத் தலை சுற்றியது. "பின்ன அது எங்கதான் மக்கா இருக்கு?" என்றேன். "எல்லா இடத்திலயும் உண்டு அப்பா, ஒரு இடத்திலயும் இல்ல" என்றான். போதகர் ஞாயிற்றுக்கிழமை கடவுளைப் பற்றிச் சொல்லுவதும் இதேதான், ஆனால் அவர் பத்தில் ஒன்றுதான் கேட்பார், இவன் முழுச் சம்பளத்தையும் போட்டிருக்கிறான்.

சரி, பொழியூர் மீன்காரி இதை வாங்குவாளா என்று கேட்டேன். இப்போது வாங்கமாட்டாள், ஒருநாள் உலகமே வாங்கும், அவளும் வாங்குவாள் என்றான். "அதுவரைக்கும் கடல் தின்னாம பொழியூர்ல கரை மிச்சம் இருக்கணுமே மக்கா" என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. சர்க்கார் சம்மதித்தாயிற்றா என்று கேட்டதற்கு, ஆமென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை, லாபத்தில் நூற்றுக்கு முப்பது வரி மட்டும் வாங்குகிறது என்றான். பிள்ளையை என் பிள்ளையென்று சொல்லமாட்டான், அவன் சம்பளத்தில் மட்டும் பங்கு கேட்பான், அப்படி ஒரு தகப்பன் போலிருக்கிறது. இவ்வளவும் பேசிவிட்டுக் கடைசியில் அவன் ஒன்று சொன்னான். "பன்னிரண்டு இங்கிலீஷ் சொல்லாக்கும் இதுக்க சாவி. அத மனசில வச்சிட்டு எந்த பார்டரையும் கடக்கலாம் அப்பா. ஒரு ஆபீசருக்கும் நம்மள பிடிக்க ஒக்காது. அதாக்கும் சுதந்திரம்."

அதைக் கேட்டதும் எனக்கு நினைவு வேறெங்கோ போய்விட்டது, அக்கா. உனக்கும் இப்போது போயிருக்கும். களியக்காவிளையில் அரிசி உண்டு, பாறசாலையில் இல்லை. நடுவிலே மாநில எல்லை என்று ஒரு கம்பு, கம்புக்குப் பக்கத்தில் ஒரு காக்கிச் சட்டை. அரிசி கடந்தால் கேஸ். எனக்குப் பத்து வயசு, உனக்குப் பதினாலு. அம்மையின் பித்தளைத் தூக்குவாளியில் அடியில் இரண்டு படி அரிசி, மேலே வாழையிலைத் துண்டு, அதற்கு மேலே அவித்த மரச்சீனிக் கிழங்கு. அந்தக் காக்கிச் சட்டைச் சாரு மூடியைத் திறந்து ஒரு துண்டு தின்றார், நன்றாயிருக்கிறதென்று இரண்டாவது துண்டும் தின்றார். மூன்றாவது துண்டை எடுத்திருந்தால் இலை தெரிந்திருக்கும். நீ, "மண்ணு விழும் சாரே" என்று மூடியைப் போட்டுக்கொண்டு, காலிடறினது மாதிரி வாளியை மைல்கல்லின் மேலேயே போட்டாயே. விளிம்பு நெளிந்து மூடி இறுகிப் போயிற்று. அவர் இழுத்துப் பார்த்தார், பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. வீட்டில் அம்மை அரிவாளால் நெம்பித் திறந்தாள். நல்ல வாளியை நெளித்ததற்கு உனக்கு ஒரு அடி, பிறகு முதல் அகப்பைச் சோறும் உனக்கு. எனக்கு முதல் அகப்பை கிடைக்கவில்லையென்று நான் அழுதேன். இன்றைக்கு அதே ரோட்டில் லாரி லாரியாக அரிசி போகிறது, ஒருத்தனும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் சட்டத்துக்குப் பயந்து நிபினை நான் திட்டவில்லை. எனக்குள்ள சந்தேகம் ஒன்றுதான். அரிசி விலை இறங்கினால் கஞ்சியாவது வைக்கலாம், இது இறங்கினால் எதை வைப்பது?

அவன் அந்தப் பன்னிரண்டு சொற்களையும் ஒரு காகிதத்தில் எழுதித் தந்தான். அங்கே ஒரு வீட்டில் ஐந்து பேர் தங்கியிருக்கிறார்களாம், பத்திரம் இல்லையாம். காகிதம் நனையும், கரையான் தின்னும், ஆகவே அழியாத ஒன்றில் எழுதிவைத்துவிட்டு இதை எரித்துவிடுங்கள் என்றான். அழியாத எழுத்து என்றால் நமக்குத் தெரிந்தது பாத்திரத்தில் பேர் வெட்டுவதுதானே. புதுப் பாத்திரத்தில் வெட்டினால் ஓமனக்குட்டி அதைக் கொடுத்து பிளாஸ்டிக் வாளி வாங்கிவிடுவாள். எனவே அம்மையின் பேர் வெட்டின அந்தத் தூக்குவாளியையே பாறசாலையில் பேர் வெட்டுகிற ஈசாக்கிடம் கொண்டுபோனேன். அவன் காகிதத்தை வாங்கிக் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்கும்படி, "ஆடு, குடை, தேங்காய்... இது என்ன அண்ணா, சந்தைக்குப் போற லிஸ்டா?" என்று தமிழாக்கி வாசித்தான். வேதபாட வகுப்புக்கு என்று சொல்லி வாயை அடைத்தேன். "ஆட்டுக்கு சரி, குடை வேதத்தில எங்க வருது?" என்றான். நோவா காலத்து மழைக்கு என்றேன். வாளியின் அடியில் வெட்டிவிட்டான். காகிதத்தை எரித்தேன். வாளியைக் கொண்டுபோய் பரணில் பழையபடி கவிழ்த்து வைத்தேன்.

போன மாதம் நிபினின் ஃபோன் அவன் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக் கக்கூசில் விழுந்து செத்துப்போயிற்று. பிட்காயின் எல்லாம் அதற்குள் இருந்ததாம். எல்லா இடத்திலும் இருக்கிறதென்றானே, அதில் இந்த இடமும் சேர்ந்துவிட்டது. பயமில்லை, அப்பாவிடம் சொற்கள் இருக்கின்றன, டிசம்பரில் வந்து எடுத்துக்கொள்கிறேன், அதை வைத்து ஊரிலேயே வீடு கட்டி இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றான். அந்தக் கடைசி வார்த்தையை அவன் வாயால் கேட்க ஏழு வருஷமாகக் காத்திருந்தேன், அக்கா. அந்தச் சொற்கள் போனால் அவன் வருகிறதும் போகும், அவ்வளவுதான் கணக்கு.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆராதனை முடிந்து பந்தலில் அறுப்புப் பண்டிகைக் காணிக்கைகளின் ஏலம் தொடங்கியது. சேவல் போயிற்று, செவ்வாழைக்குலை போயிற்று, பிறகு ஏலம் விடுகிற சபைக் கைக்காரர் ஒரு வாளியைத் தூக்கிப் பிடித்து, "ஓமனக்குட்டி கையால செஞ்ச முந்திரிக்கொத்து, வாளியோட" என்றார். அந்த நெளிவைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஓமனக்குட்டியைப் பார்த்தேன். "அம்மைக்க நினைவு நாளு வருதில்லா, அம்மைக்க பேரு வெட்டின வாளியில ஒரு காணிக்கை போகட்டும்ணு வச்சேன்" என்றாள். நல்ல மனசோடு செய்தவளை எப்படித் திட்டுவது? காணிக்கைக்குப் போன பாத்திரம் ஏலத்தில் எடுத்தால் ஒழிய வீட்டுக்குத் திரும்பாது என்பது நம் சபை வழக்கம், உனக்குத் தெரியும். ஒரு தடவை அடியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இருநூறு பேர் முன்னால் முந்திரிக்கொத்தைக் கவிழ்த்துப் பார்க்கவும் முடியாது. ஐந்நூறு என்று கூவினேன். அந்தப் பக்கம் சபைப் பொருளாளர் ஜெயதாஸ் ஒரு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஆயிரம் என்றான். "எலே, ஒனக்கு எதுக்குலே?" என்றேன். "எனக்கு இல்ல அண்ணா, வெளியூர் ஆளு ஒருத்தருக்காக்கும். யூடியூப்ல ஏலம் பாத்துட்டு இருக்காங்க" என்றான்.

அந்த வெளியூர்ப் பேயை நினைத்தால் இப்போதும் என் ரத்தம் கொதிக்கிறது. நான் இரண்டாயிரம் என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு, ஐயாயிரம் என்றால் ஐயாயிரத்து ஐந்நூறு, சளைக்கவே இல்லை. எடைக்குப் போட்டால் எண்ணூறு ரூபாய் வராத வாளி பத்தாயிரம் ஆயிற்று. ஜனங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். போதகர் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எவனோ பணக்காரன், அடியில் இருக்கிற எழுத்தைப் பற்றி ஈசாக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறான் என்று நான் உறுதியாக நம்பினேன். ஈவிரக்கம் இல்லாதவன், பிறத்தியார் பிள்ளை சம்பாதித்ததை அள்ளப் பார்க்கிறவன், அவனுக்குப் பல் வலி வந்து அந்த முந்திரிக்கொத்தில் ஒன்றைக்கூடக் கடிக்க முடியாமல் போகட்டும் என்று பந்தலிலேயே மனசுக்குள் சபித்தேன். இருபத்தேழாயிரத்து ஐந்நூறு என்று பஸ்ஸில் கூவிய அதே தொண்டையில் நான் கூவியபோது அவன் அடங்கிப் போனான். என் குரலிலேயே பயந்துவிட்டான். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். மாட்டுத் தொழுத்து கட்ட வைத்திருந்த பணம் அப்படியே போயிற்று, பசு இன்னும் மழையில் நிற்கிறது.

பிட்காயினுக்கு எப்படி விலை வருகிறது என்று நிபின் ஒரு மணிநேரம் சொல்லியும் ஏறாதது அந்த அரைமணி நேரத்தில் எனக்கு ஏறிவிட்டது. இரண்டு பேர் வேண்டுமென்று நினைத்தால் விலை, ஒருத்தன் விட்டுவிட்டால் அது வெறும் வாளி. ஆனால், அக்கா, உன்னிடம் உள்ளதைச் சொல்லுகிறேன். பதினையாயிரம் தாண்டியபோது எனக்கு அந்தப் பன்னிரண்டு சொற்களின் நினைவே இல்லை. அந்த நெளிவு முன்பின் தெரியாத ஒருவன் அடுக்களையில் கிடக்கக்கூடாது, அவன் பெண்டாட்டி அதைத் தட்டி நிமிர்த்திவிடக்கூடாது என்றுதான் கூவினேன். அம்மையை எனக்கு அவ்வளவு தேடிற்று. உன்னையும்தான்.

ஓமனக்குட்டிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தாயின் மேல் இவ்வளவு பாசம் உள்ள மனுஷனை நாற்பது வருஷமாகக் கரித்துக் கொட்டிவிட்டேனே என்று அழுதாள். மூன்று நாளாகத் தலைத்துண்டு மீன் எனக்குத்தான். போதகர் என் தாராள மனசை மைக்கில் சொல்லி, கோபுர நிதிக் கமிட்டியில் என்னைச் சேர்த்துவிட்டார்.

ஒன்றை இப்போதே தெளிவாக எழுதிவிடுகிறேன். அம்மை போனபோது நீ அந்த வாளியைக் கேட்டாய், தையல் மிஷின் உனக்கு, வாளி எனக்கு என்றேன். பிறகும் இரண்டு தடவை கேட்டாய். இனிமேல் கேட்காதே. இவ்வளவு விலை கொடுத்து மீட்டதை நான் யாருக்கும் தரப்போவதில்லை, உனக்கும் தரமாட்டேன். கோபிக்காதே. உன் இரு கால்களையும் வீட்டிலுள்ள எல்லாரையும் கர்த்தர் படிகளிலும் வழிகளிலும் தாங்கி நடத்துவாராக.

இப்படிக்கு, உன் தம்பி,
சத்தியதாஸ்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஜெயதாஸ் ரசீது கொண்டுவந்தான். அந்த வெளியூர் ஆள் யாரென்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "தாம்பரத்தில இருக்க உங்க அக்காவாக்கும். அம்மைக்க வாளி, எவ்வளவு போனாலும் விடாதேண்ணு சொன்னாங்க" என்றான். யூடியூபில் கைக்காரர் முகமும் குரலும் மட்டும்தானே வரும், எதிரே கூவுகிறது நான் என்று உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். கோபுரத்துக்கு டைல்ஸ் பாக்கி இருக்கிறதாம், முதலிலேயே சொன்னால் ஐந்நூறில் நின்றிருக்குமாம். இருபத்தேழாயிரத்தில் அவனுக்கே மனசு கேட்காமல் என் பேரைச் சொன்னானாம். நீ, "அவனா? அப்போ விடு, அவன் வச்சுக்கட்டு" என்று ஃபோனை வைத்துவிட்டாயாம். என் குரலுக்கு ஒருவரும் பயப்படவில்லை.

பேய் என்று எழுதியதையும் பல் வலியையும் அடித்துவிடு. ஆடு, குடை, தேங்காய் மூன்றையும் மறந்துவிடு. டிசம்பரில் நிபின் வந்து சொற்களை எடுத்துக்கொண்ட மறுநாள் நான் வாளியோடு தாம்பரத்துக்கு ரெயில் ஏறுகிறேன், இனி அது உன்னிடம் இருக்கட்டும். அடியில் இரண்டு படி அரிசி, மேலே மரச்சீனி. வழியில் யார் கேட்டாலும் இரண்டு துண்டுக்கு மேல் கொடுக்கமாட்டேன்.