ஃபிட்டு அண்ணனின் கடைசி மெடிக்கல்

ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூர் வரைக்கும் வீடு வீடாகத் தேடினாலும், தனக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். எங்கள் எதிர்வீட்டு ஃபிட்டு அண்ணன். ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. அது பங்குச் சாமியாருக்கே மறந்துபோயிற்று.

ஒரு முறை காய்ச்சலில் பாய் நனையக் கிடந்தார். "எப்படிண்ணா இருக்கே?" என்றேன். பல் கிடுகிடுக்க, "ஃபிட்டுடா" என்றார். தெரு நாய் கடித்த அன்றும், "எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த நாய்க்கு இன்னா ஆச்சுன்னு பாரு" என்றார்.

எல்லாம் கப்பல் பழக்கம். இருபத்திரண்டு வருடம் இன்ஜின் ரூமில் எண்ணெய் போடும் வேலை. ஒவ்வொரு முறை கப்பல் ஏறுமுன்னும் மெடிக்கல் உண்டு. டாக்டர் 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால் கப்பலும் இல்லை, சோறும் இல்லை. அதனால் வலியை ஒளிப்பதில் அண்ணன் பெரிய கெட்டிக்காரர். கண் டாக்டரின் பலகையில் கடைசி வரி வரைக்கும் மனப்பாடம். விளக்கை அணைத்தாலும் ஒப்பிப்பார்.

அப்படிப்பட்டவர் கடைசிப் பயணத்தில் இரும்பு ஏணியிலிருந்து விழுந்தார். வலது தோள் போயிற்று. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கப்பல் கம்பெனி சில மாதம் நோய்க்காலச் சம்பளம் கொடுத்தது. பிறகு, சென்னையில் எங்கள் டாக்டரை வந்து பாருங்கள் என்று கடிதம். கடல் வேலைக்கு இனி ஆகாது என்று அவர் எழுதினால் நஷ்டஈடு. ஃபிட் என்று எழுதினால் சம்பளமும் நிற்கும், ஈடும் கிடையாது. அந்தக் கையை வைத்துக்கொண்டு எந்தக் கப்பலில் ஏறுவது?

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா என்னை டாக்டராக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார்.

"உங்களுக்கு இன்னா பண்ணுது?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல சார். ஃபிட்டு."

"உன் வாயத் தெச்சி வுட்டாதான் நம்ம வூட்ல அடுப்பு எரியும்" என்றார் அக்கா.

"நானாடி சொல்றேன்? அதுவா வருது."

சென்னைக்குப் போன பேருந்தில் நான் ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. என் பிள்ளைகள் பாஸாக வேண்டும் என்று எத்தனையோ முறை மாதாவிடம் மன்றாடியிருக்கிறேன். ஒரு மனிதர் பெயிலாக வேண்டும் என்று அழுதது அன்றுதான்.

டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். அக்கா கழற்றிவிட்டார். "கையத் தூக்குங்க."

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வீச்சில் காதுவரைக்கும் தூக்கினார்.

"வலிக்குதா?"

"இல்ல சார். ஃபிட்டு." கழுத்தில் வியர்வை வழிந்தது.

"ஸ்கேன்ல தசைநார் கிழிஞ்சது தெரியுது. ஆனா கை நல்லா ஏறுதே" என்று டாக்டர் பேனாவை எடுத்தார். "சரி, சட்டையப் போட்டுக்குங்க."

தூக்கிய கை இப்போது துணி மாதிரித் தொங்கியது. சட்டைக் கைக்குள் நுழைய மறுத்தது. இடது கையால் பொத்தானைப் பிடித்தார், நழுவியது. மறுபடி பிடித்தார். பழக்க தோஷத்தில் அக்கா எழுந்து போய்க் கையை மாட்டிவிட்டு, பொத்தான் போடத் தொடங்கினார்.

டாக்டரின் பேனா நின்றது. "தினமும் நீங்கதான் போட்டு விடறீங்களாம்மா?"

"ஏழு மாசமா சார். சோறுகூட இடது கையாலதான் துன்றாரு."

டாக்டர் அண்ணனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. வலிக்குதா?"

அண்ணனின் உதடு 'ஃபி' என்று அசைந்தது. அக்காவின் விரல்கள் மூன்றாவது பொத்தானில் அப்படியே நின்றன.

"முடியல சார்" என்றார் அண்ணன்.

கடல் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். திரும்பும்போது திண்டிவனம் வரைக்கும் அண்ணன் அந்தச் சீட்டையே திரும்பத் திரும்பப் படித்தார். அப்புறம், "எல்லா மெடிக்கல்லயும் பாஸ்டா நானு. இப்ப பெயிலாக்கிட்டாங்க" என்றார்.

"நான்தாண்ணா மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்."

"அப்ப மெழுகுவத்தியும் நீயே வாங்கு."

நஷ்டஈடு இழுத்தடித்துத்தான் வந்தது. சென்னை போய் வந்ததிலிருந்து தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "எப்படிண்ணா இருக்கே?" என்று கேட்கிறேன். "தோள் வலிக்குதுடா" என்கிறார். அதைக் காதால் கேட்காமல் எனக்கு வண்டியை எடுக்க மனசு வருவதில்லை.