பச்சை வீட்டுக்குக் கண்ணேறு

'சிதி' என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் ஜிலாலி எங்கள் தெருவுக்கு வருகிறார் என்றால் போதும், அடுப்பில் வைத்ததை அப்படியே போட்டுவிட்டு ஊரே வாசலுக்கு ஓடிவரும். ரொட்டி சுடப் பொது அடுப்புக்குக் கிளம்பிய பெண்கள் மாவுத் தட்டைத் தலையில் சுமந்தபடி நின்றுவிடுவார்கள். மாவு பொங்கி விளிம்பில் வழியும். வழியட்டும்! சுவருக்கு நாடி பார்க்கும் மகான் அல்லவா வருகிறார்!

ஆமாம், சுவருக்குத்தான். பிள்ளைக்குக் கண்ணேறு, கறவை மாட்டுக்குக் கண்ணேறு எல்லாம் பழைய சரக்கு. இவர் கொண்டுவந்தது புத்தம்புதிய சரக்கு. வீட்டின் நிறத்துக்குக் கண்ணேறு!

ரிஃப் மலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் நோன்பு மாதம் பிறப்பதற்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். சும்மா வெள்ளை இல்லை. அவரவர் ஆசைப்பட்ட நிறத்தைக் கரைத்து, சுவர், படி, திண்டு என்று ஒன்றையும் விடாமல் அடிப்பார்கள். ஆண்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு யோசனை சொல்வார்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

போன வருஷம் மருமகளாக வந்த கிஸ்லானுக்குப் பச்சை என்றால் உயிர். சுவர் பச்சை, கதவு பச்சை, தேநீர்க் கண்ணாடி பச்சை, மெத்தை உறை பச்சை. கோழிக்கூட்டையும் விடவில்லை. பூனைக்கு ஓடத் தெரிந்ததால் அது மட்டும் தப்பித்தது. அவள் கணவன் அனுவார், "வாசல்ல நின்னா எனக்கே புதினாத் தோட்டத்துல நிக்கிற மாதிரி இருக்கு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்தப் பெருமைக்குத்தான் வந்தது வினை.

ஜிலாலியின் வைத்தியம் பார்க்க வேண்டிய காட்சி. தோல்பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுப்பார். "ஏழு ஊத்துத் தண்ணியில நனைச்ச குங்குமப்பூத் துணி!" என்பார். கண்ணை மூடி உதட்டை அசைப்பார். துணியை ஈரமாக்கி, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் அழுத்துவார். எடுத்தால் துணி செக்கச்செவேல்!

"ஐயோ, சுவர்ல ரத்தம்!" என்று பெண்கள் அலறுவார்கள்.

"பயப்படாதீங்க. இந்த நிறம் இந்த வீட்டுக்கு ஒத்துக்கல. ஒத்துக்கிற நிறம் எதுன்னு நான் சொல்றேன்."

விந்தையைக் கேளுங்கள். நீல வீட்டுக்கும், காவி வீட்டுக்கும், ரோஜா வீட்டுக்கும் ஒத்துவந்த நிறம் ஒன்றே ஒன்று. சாம்பல்! அதுவும் அவருடைய மச்சான் கடையில் விற்கும் ஆயில் பெயிண்ட்தான் வேண்டும். ஏனென்றால் அந்த டப்பாக்களின் மேல்தான் இவர் ஓதி ஊதியிருக்கிறார். வாங்குவார் இல்லாமல் அவை அந்தக் கடையில் வருஷக்கணக்காகத் தூங்கியதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. சந்தேகப்பட்டுக் கேட்டால், அப்படிக் கேட்டவன் தலையில் கண்ணேறு வந்து உட்காருமாம். நல்ல ஏற்பாடு!

சாம்பல் அடித்துக் காய்ந்த பிறகு அதே துணியின் சிவக்காத பகுதியை நனைத்து மறுபடியும் அழுத்துவார். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். "பாத்தீங்களா, போயிடுச்சு!" என்பார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வீடு வீடாகச் சாம்பல் ஏறியது. எங்கள் தெரு பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்து, "எவ்வளவு நிம்மதியா இருக்கு!" என்று ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள்.

கடைசியில் கிஸ்லானின் முறை வந்தது. அவள் சுண்ணாம்பு அடித்த ஈரம்கூட முழுதாகக் காயவில்லை. துணி மற்ற வீடுகளைவிட அதிகமாகவே சிவந்தது. மாமியார் ரக்கியா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில்தான் அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மா லல்லா ஜமீலா சேதி கேட்டதும் சொல்லியனுப்பிவிட்டாள்: சுவர் மாறாவிட்டால் வாசல் மிதிக்க மாட்டோம்.

"ஏண்டி, உன் பச்சை பெருசா, என் பொண்ணு வாழ்க்கை பெருசா?"

"அத்தே, பச்சை என்ன பாவம் பண்ணுச்சு?"

"அதான் சுவரே சொல்லிடுச்சே! அனுவார், போய் டப்பா வாங்கிட்டு வாடா."

புதினாத் தோட்டத்தில் நின்ற மகாராஜன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்ச் சாம்பல் டப்பாக்களோடு திரும்பினான். மறுநாள் காலையில் அடிப்பதாக ஏற்பாடு.

கிஸ்லானுக்கு அழுகை அழுகையாக வந்தது. அழுதால் மட்டும் வேலை விடுமா? மதியம் கோழிக் குழம்பு சிந்திய மேசைத்துணி ஊறிக்கொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்து, மஞ்சள் கறையில் சோப்பைத் தேய்த்தாள். கறை சிவந்தது.

இது புதிதா என்ன? சமைத்துத் துவைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதி. அவளும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் நின்று பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. "அடப்பாவி!" என்று சோப்பைப் பார்த்தே சொன்னாள். எழுந்து போய் அரை எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து பிழிந்தாள். சிவப்பு மறுபடி மஞ்சளாகியது.

மறுநாள் காலை தெருவே கூடிவிட்டது. ஜிலாலி வந்தார். லல்லா ஜமீலாவும் சுவர் மாறுவதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று வந்து நின்றாள்.

கிஸ்லான் பணிவாகக் கேட்டாள். "சிதி, அடிக்கிறதுக்கு முன்னாடி உங்க துணியைக் கொஞ்சம் குடுங்க. வேற ஒண்ணுக்கும் நாடி பாக்கணும்."

"தாராளமா பாரும்மா." மகானுக்குத் தன் துணிமேல் அவ்வளவு நம்பிக்கை.

அவள் துணியை நனைத்துச் சோப்புக் கட்டியின் மேல் அழுத்தி எடுத்துக் காட்டினாள். செக்கச்செவேல்!

"இது என் மாமியார் துவைக்கிற சோப்பு. பாவம், இதைப் பாத்துப் பொறாமைப்பட்டது யாரு சிதி?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜிலாலி அசரவில்லை. "பச்சை வீட்டுச் சோப்பும்மா! வீட்டோட தோஷம் அதுலயும் ஏறியிருக்கு."

"அப்படியா?" கிஸ்லான் இன்னொரு சோப்பை எடுத்து நீட்டினாள். "இது இப்பதான் உங்க மச்சான் கடையில வாங்கினது. சுத்தின தாளைக்கூடப் பிரிக்கல." எல்லோர் முன்னும் பிரித்தாள். துணியின் மிச்ச மஞ்சள் பகுதியை அழுத்தினாள். அதுவும் சிவந்தது. "உங்க மச்சான் கடைக்கே கண்ணேறா? அங்க எப்ப சாம்பல் அடிக்கப் போறீங்க?"

"அது... குங்குமப்பூவுக்குச் சோப்பு ஆகாது..."

"குங்குமப்பூவா?" மாமியார் ரக்கியா துணியைப் பிடுங்கி மோந்து பார்த்தாள். அவ்வளவுதான், அவள் முகம் துணியைவிடச் சிவந்துவிட்டது. "அட நாசமாப் போறவனே! இது மஞ்சள்தூள்! என் அடுப்பங்கரை வாசனை எனக்குத் தெரியாதா? மஞ்சளைக் குங்குமப்பூன்னு என் மூக்குகிட்டயே விக்கிறியா?" இத்தனை நாள் தன் புத்தியை ஏமாற்றியதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். மூக்கை ஏமாற்றியதைப் பொறுக்கவில்லை.

கிஸ்லான் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். துணி மஞ்சளாகியது. "கண்ணேறு கழிஞ்சுது! சோப்பு பட்டாலும் சுண்ணாம்பு பட்டாலும் மஞ்சள் சிவக்கும். ஆயில் பெயிண்ட் சுண்ணாம்பை மூடிட்டா சிவக்காது. இதுக்குத்தான் தெருவையே சாம்பலாக்கினீங்க."

ஆரத்தி கரைத்துப் பழகிய வாசகர்களே, நீங்கள் முதலிலேயே சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். எங்கள் பெண்களும் தினம் தினம் இந்தச் சிவப்பைத் துவைத்தவர்கள்தான். கையில் இருந்த விஷயம் கண்ணுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஜிலாலி எப்போது நழுவினார் என்று யாரும் கவனிக்கவில்லை. தோல்பையை விட்டுவிட்டுப் போயிருந்தார். உள்ளே அரைக் கிலோ மஞ்சள்தூள். ரக்கியா அதைக் குப்பையில் கொட்டச் சொன்னாள். தரம் மட்டமாம்.

அனுவார் சாம்பல் டப்பாக்களை மச்சான் கடை வாசலிலேயே கொண்டுபோய் இறக்கினான். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் பச்சைச் சுவருக்கு நடுவில், பச்சை மெத்தையில், பச்சைக் கண்ணாடியில் தேநீர் ஊற்றி ஜாம்ஜாம் என்று நடந்தது. மற்ற வீட்டுப் பெண்கள் மட்டும் ஏக்கத்தோடு சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆயில் பெயிண்டைச் சுரண்டுவது லேசான வேலை இல்லை.

எல்லோரும் கிளம்பும் நேரத்தில் லல்லா ஜமீலா கிஸ்லானை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்த ஜிலாலி பொய்யன்தான், ஒத்துக்கறேன். ஆனா உன் எலுமிச்சம்பழத்துல என்னமோ சக்தி இருக்கும்மா. எங்க வீட்டுச் சுவருக்கும் வந்து கொஞ்சம் பிழிஞ்சு விடேன்!"

கிஸ்லான் மீதமிருந்த எலுமிச்சம்பழத்தை அவள் கையிலேயே வைத்தாள்.

"இதை மீன்மேல பிழிங்க லல்லா, ருசியா இருக்கும். சுவரைப் பாத்து பயம் வந்தா மட்டும் மூளையைக் கொஞ்சம் கசக்குங்க. அதை யாரும் கடையில விக்கல, உங்ககிட்டயேதான் இருக்கு."